செமராங்கில் உன் பெயரில் சொன்ன பொய்

கப்பலிலிருந்து,
செமராங்கை விட்ட மறுநாள் காலை.

அன்புள்ள ரோரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நடுக்கடலில் நானும், ஒரு முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தாலும் உன் அம்மாவும், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே கனடாவில் அந்தப் பனியிலும் சுரங்கத்திலும் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்பதுதான் எழுந்ததும் எங்கள் இருவருக்கும் வருகிற முதல் நினைப்பு. அப்பா கடிதம் எழுதுகிற ஆளே இல்லையே, என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதுதான் காகிதம். கிழித்துப் போடுகிறவன்கூட முதலில் படித்துவிட்டுத்தானே கிழிப்பான். கட்டானிங்கில் நல்ல மழையாம், பின்பக்கக் கொட்டகை ஒழுகுகிறதாம், நாய் சாப்பிடாமல் அடம்பிடித்து இரண்டு நாளில் வழிக்கு வந்துவிட்டதாம், பக்கத்து வீட்டு பெவர்லி கப்பல் ஆபீஸ் வழியாகத் தகவல் அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குக் கப்பல் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் இந்தச் சாப்பாட்டு மேஜைச் சிநேகிதம் ஒத்துவரவில்லை. எங்கள் மேஜையில் ட்ரெவர் என்று ஒருவன், பதினேழு தடவை கப்பலில் போனவன், எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அது முன்பு இன்னும் நன்றாக இருந்தது என்பான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு உட்காராதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயணத்தை பாலிக்காகவும் சிங்கப்பூருக்காகவும் எடுத்தோம் என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, அது உண்மையில்லை. ஏஜென்ட் கொடுத்த தாளில் பாலிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே செமராங் என்ற பெயரைப் பார்த்ததும் அம்மா அதன்மேல் விரலை வைத்தாள், பிறகு எடுக்கவே இல்லை. நானும் எடு என்று சொல்லவில்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ரெட்னோவின் நம்பர் அம்மாவிடம் இருந்தது. நீ அவளை விட்டு வந்த இந்த நாலு வருஷமும் கிறிஸ்துமஸுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வரி வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கே போன மாதம்தான் தெரியும். உன் மகளைப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்து ரெட்னோ பதில் போட்டாள், ஒரு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், கினந்தி பள்ளிக்கூடம் விட்டு இரண்டேகாலுக்கு வருவாள் என்று. அன்றிலிருந்து அம்மா பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டாள், ஃப்ரீமாண்டிலில் கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவை விட்ட பிறகும் அதே வேலை. வேர்த்துக் கொட்டுகிற ஊருக்குக் கம்பளி ஸ்வெட்டர் யாராவது கொண்டுபோவார்களா என்று கேட்டேன். "நம்ம ஆட்டு ரோமம், அதை விட்டா வேற என்ன இருக்கு நம்மகிட்ட கொடுக்கறதுக்கு?" என்றாள். அளவுக்கு என்ன செய்தாள் தெரியுமா, நம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்தாள். ஆறு வயசுப் படம் அது. இரண்டு வயசு கூட்டிப் பின்னினேன் என்றாள். நாலு வருஷம் ஆகிவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை பார்.

இரண்டு பேரும் போவதாகத்தான் இருந்தது. முந்தின நாள் கப்பல் நீச்சல் குளத்தருகே அம்மா சறுக்கி, முழங்கால் வீங்கி, கப்பல் டாக்டர் கரையில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. பொட்டலத்தை என் கையில் கொடுத்து, குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வா, உனக்கு முகம் ஞாபகம் நிற்காது, ஒவ்வொன்றாகப் பார், வந்து எனக்குச் சொல்லவேண்டும் என்றாள். சரி என்றேன். ஆனால் உண்மையில் தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீயும் ரெட்னோவும் பிரிவது என்று முடிவான அந்த வாரம் நீ எனக்குப் போன் பண்ணினாய். இங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு குழந்தை பக்கத்தில் இருக்கட்டுமா, கிளம்பி வரட்டுமா அப்பா என்று கேட்டாய். நான் அப்போது கொட்டகையில் இருந்தேன், கையில் பாதிப் பிரித்த ரோமம். நாற்பது வருஷம் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்தவன், ஓரத்தில் அழுக்காக இருப்பதைக் கையாலேயே பிய்த்து ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் சுருட்டுகிற பழக்கம், யோசிக்கவே மாட்டேன். உனக்கும் அதே மாதிரிதான் பதில் சொன்னேன். சுத்தமாக முடித்துக்கொண்டு வா, இழுத்துக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் வலி, குழந்தை சின்னது, மறந்துவிடும் என்றேன். அப்புறம் சரிப்பா என்றாய். அந்தச் சரிப்பாவை நான் இத்தனை நாள் ஒரு நல்ல முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் காலை எட்டு மணிக்குக் கட்டியது. இங்கே ஒரு விதி, தினமும் ஒலிபெருக்கியில் கத்துவார்கள்: ஊர் நேரம் எதுவானாலும் கடிகாரத்தை மாற்றாதே, கப்பல் நேரம்தான் நேரம், நாலு மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், கப்பலின் சொந்தப் பஸ்ஸில் சுற்றப் போனவர்களுக்காக மட்டும்தான் காத்திருப்போம், தனியாகப் போனவர்கள் அவரவர் பாடு. நான் சொன்னபடி கேட்கிறவன், கடிகாரத்தைத் தொடவில்லை. போன் கப்பல் ஏறிய நாளிலிருந்தே அணைத்துக் கிடக்கிறது. நடுக்கடலில் போனைத் திறந்து வைத்து ஊர் போய்ப் பில்லைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் கதையை ட்ரெவர் ஏழெட்டு வைத்திருக்கிறான், அவனுக்குப் பயந்து எங்கள் தளத்தில் பாதிப்பேர் போனைத் தொடுவதில்லை. கப்பலின் குளிரிலிருந்து வெளியே வந்தேன், கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது, படியில் எங்கே கால் வைக்கிறோம் என்றே தெரியவில்லை. பத்தடி நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. துறைமுகத்து ரோட்டில், அங்கே அது வழக்கமாம், கடல் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வாசலில் டாக்ஸிக்காரர்கள் கும்பலாக மிஸ்டர், மிஸ்டர் என்று பிடித்து இழுத்தார்கள். அதில் வாகிமின் என்று ஒருவர், என் வயசுக்குக் கொஞ்சம் குறைவு இருக்கும், இழுக்கவில்லை, குடையை மட்டும் நீட்டினார். அவரோடு போனேன். பன்யுமானிக் மேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு மணிக்குப் போகவேண்டும் என்று விலாசத்தைக் காட்டினேன். "வெறும் வீட்டைப் பார்க்கவா மிஸ்டர் இவ்ளோ தூரம் கப்பல்ல வந்தீங்க? எங்க ஊர்லயும் வீடுதான் இருக்கு, உங்க ஊர்லயும் வீடுதான் இருக்கு! கோயிலைப் பாருங்க, மசூதியைப் பாருங்க" என்று அவர் ஒரே சிரிப்பு.

கையில் அவ்வளவு நேரம் இருந்தது, மனசில் தைரியம்தான் இல்லை. அதனால் ஊர் சுற்றினேன். பழைய டச்சுத் தெருவில் எல்லோரும் படம் எடுக்கிற இடத்தில் நானும் நின்றேன். லோம்போக் சந்தில் லும்பியாக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு லும்பியா தின்றேன், மூங்கில் குருத்து வைத்துச் சுருட்டிப் பொரித்தது, உன் கல்யாணத்தில் போட்டதே அதேதான். அங்கே சுவர்க் கடிகாரம் என் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. ஓடாத கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கிறான் பார், சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். ரோரி, நான் அப்படித்தான், பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். வாகிமின் ஒரு சீனக் கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார், நான் இறங்கவில்லை. மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமாகச் சொன்னால், உன் அப்பாவை உன்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போனவன் என்றுதான் சொல்லவேண்டும். அதை எந்தக் குழந்தையிடம் சொல்ல முடியும்.

என் கடிகாரத்தில் சரியாக ஒரு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். கேட் பூட்டியிருந்தது. வாகிமின் மதியத் தொழுகைக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். அங்கே மதியத் தொழுகை பன்னிரண்டு மணிவாக்கில்தானே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. மணியை அடித்தேன், தட்டினேன், யாரும் இல்லை. வெயில் இல்லை, மேகம்தான், ஆனால் ஒரு இலை அசையவில்லை, தலையிலிருந்து வேர்வை பொட்டலத்தின் மேல் சொட்டியது. பக்கத்து வீட்டம்மா பாவம், நாற்காலி கொண்டுவந்து போட்டு, கொதிக்கக் கொதிக்க இனிப்புத் தேநீர் கொடுத்தாள், ரெட்னோ வருவாள் என்று கையால் காட்டினாள். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? வேண்டுமென்றே நிற்க வைத்திருக்கிறாள், அன்றைக்கு ரோரியை வரச் சொன்னது சரிதான், இந்தப் பெண்ணின் லட்சணம் இதுதான் என்று. ஒரு மணி நேரம் அப்படி வைதேன். அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே வைதேன். ஸ்கூட்டர் வந்து நின்றது. ரெட்னோ மருந்துக்கடைச் சீருடையில், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தாள். "ஐயோ, சீக்கிரமே வந்துட்டீங்களே! ரொம்ப நேரமா நிக்கிறீங்களா பாக் டெஸ்?" என்றாள். கல்யாணத்துக்கு வந்தபோது அப்பா என்று கூப்பிட்டவள், இப்போது என் பெயருக்கு முன்னால் பாக் போட்டாள், அங்கே டாக்ஸிக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு மணிக்கு என்றுதானே சொன்னாய், இரண்டாகிறதே என்றேன். அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். மணி ஒன்று ஆக இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கப்பல் நம் ஊர் நேரத்திலேயே ஓடுகிறது, செமராங் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். குழந்தை வருகிற இரண்டேகால் என்பது என் கையில் மூன்றேகால். நாலு மணிக்கு நான் கப்பலில் இருக்கவேண்டும், துறைமுகம் முக்கால் மணி நேர ஓட்டம். அதாவது அவள் வாசலில் வந்து இறங்குகிற அந்த நிமிஷம் நான் அதே வாசலில் ஏறியாக வேண்டும். ரெட்னோவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து முன்னாலேயே கூட்டிவர முடியுமா என்று கேட்டேன். இன்றைக்குப் பரீட்சை, விடமாட்டார்கள் என்றாள். பிறகு என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போங்க, பரவாயில்ல. நீங்க வர்றதா அவகிட்ட நான் சொல்லவே இல்ல. வரேன்னு சொல்லிட்டு ஒருத்தர் வராமப் போறதை அவ ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாச்சு, அதான் சொல்லல. பொட்டலத்தைக் குடுங்க, நான் குடுத்துடறேன்." அவள் குத்திக் காட்டவில்லை ரோரி, கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ குழந்தையிடம் லீவுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தாயாமே, அது எனக்குத் தெரியாது. நீ வரவேண்டும் என்று நினைத்திருந்தாய், நான்தான் சுத்தமாக முடி என்று சொல்லிவிட்டேன், இல்லையா?

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அம்மா கப்பலில் தனியாக, நடக்க முடியாமல் இருக்கிறாள், நான் ஏறாவிட்டால் அவள் கதி என்ன என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எதிரே சுவரில் குழந்தை வரைந்து ஒட்டியிருந்த படம். பெரிய கறுப்புக் குழி, அதன் அடியில் விளக்குத் தொப்பி போட்ட ஒரு ஆள், மேலே வெள்ளையாகப் பனி. இது யார் என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ரெட்னோ தானாகவே சொன்னாள். அப்பா ஏன் போன் பண்ணுவதில்லை என்று குழந்தை முதல் வருஷம் தினமும் கேட்டாளாம். "பூமிக்கு அடியில வேலை, அங்க போன் எடுக்காதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? வேணாம்னு போயிட்டாருன்னா சொல்ல முடியும்?" என்றாள். நாலு வருஷமாக அவள் உனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிற சமாதானம் அது. உன்னைப் பற்றிக் குழந்தையிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அந்த வாசலில் உட்கார்ந்து நான் அவளைப் பற்றி என்ன நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீயும் தெரிந்துகொள்.

பள்ளி வேன் ஐந்து நிமிஷம் தாமதம். என் கடிகாரத்தில் மூன்று இருபது. வாகிமின் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மிஸ்டர், கப்பல் உங்க மாமனார் வீட்டுது இல்ல, நிக்காது!" என்று கத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, முதுகில் அவளைவிடப் பெரிய பை. இறங்கினாள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து வா என்றாளே, பார்த்தேன். நெற்றி ரெட்னோ. காது இரண்டும் நம் வீட்டுக் காது, தள்ளிக்கொண்டு நிற்கிறது. என்னைப் பார்த்ததும் ஒரு காலால் மற்றக் காலின் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள், நீ வாத்தியார் முன்னால் நிற்பாயே அதே மாதிரி. உயரம் என் மார்பு வரை வருகிறாள். நான் கை குலுக்கக் கையை நீட்டினேன், அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்லை. ரெட்னோ, அப்பாவோட அப்பா, கப்பலில் வந்திருக்கிறார் என்றாள். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, நீ கற்றுக்கொடுத்த இங்கிலீஷில், உன் இழுவையோடு கேட்டாள், "அப்பா அனுப்பினாரா தாத்தா?" என்று. ஆமாம் என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல ரோரி. இல்லை என்று சொல்ல அந்த முகத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. ஒன்று சொன்னதும் மற்றது தானாக வந்தது. பொட்டலத்தைப் பிரித்தாள், ஸ்வெட்டரை எடுத்தாள், கடுகு மஞ்சள், "இந்தக் கலரை அப்பாவா எடுத்தாரு?" என்றாள். ஆமாம், அப்பாதான் எடுத்தார் என்றேன். உடனே யூனிபார்முக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை, அரை முழம் குட்டை, வயிறு வெளியே தெரிகிறது. அந்தப் புழுக்கத்தில் நம் ஊர் ஜூலைக் குளிருக்கான கம்பளி. "கழட்டும்மா, வேர்த்துக் கொட்டுது பாரு" என்றாள் ரெட்னோ. "வேர்க்கல" என்றாள் குழந்தை, மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டாள், "சுரங்கத்துக்குள்ள போன்தான எடுக்காது? லெட்டர் போகுமா?" போகும் என்றேன். "அங்கேருந்து இங்க வருமா?" வரும் என்றேன். "எப்போ?" என்றாள். வாகிமின் ஹாரனை விடாமல் அடித்தார். அப்பா சீக்கிரம் எழுதுவார் கண்ணு என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றே எழுதுகிறேன், அது ஓட்டம்தான்.

வண்டிக் கதவு வரை ரெட்னோ கூடவே வந்தாள். குழந்தைக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்: "நானும்தான் பொய் சொல்றேன் பாக் டெஸ். ஆனா என் பொய்யைக் கேட்டுட்டு அவ எதையும் எதிர்பார்க்கிறதில்ல, தூங்கிடறா. நீங்க சொன்ன பொய்க்கு நாளைலேருந்து அவ தினமும் இந்தக் கேட்ல வந்து நிப்பா. தபால்காரர் வர்ற நேரம் என்னன்னு இப்பவே கேட்கறா." வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன், அந்த மஞ்சள் ஸ்வெட்டரோடு ரோட்டு நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வாகிமின் எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது, கண்ணைத் திறக்கவில்லை. நாலு எட்டுக்குத் துறைமுகம். படியை இழுக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். தாமதமாக ஓடிவருகிறவர்களை மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது இந்தக் கப்பல்காரர்களின் பொழுதுபோக்கு, தெரியுமோ? நூறு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், "ஓடு பெரிசு ஓடு! இன்னும் கொஞ்சம்தான்!" என்று கூச்சல். ட்ரெவர் படம் எடுத்தான். நான் அழுதுகொண்டு ஓடுகிறேன், வேர்வை என்று நினைத்திருப்பார்கள். கப்பல் வாசலில் என் அடையாள அட்டையை உரசிப் பார்த்த பெண், எங்களுக்கு மாரடைப்பு வரவைக்காதீர்கள் மிஸ்டர் பாஸ்கோ என்று சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் நான்தான் வீரன், எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அம்மா அறையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைச் சொன்னேன், நெற்றி, காது, நிற்கிற விதம், எல்லாம். ஸ்வெட்டர் அளவு சரியாக இருந்ததா என்று கேட்டாள். அளவெடுத்துப் பின்னியது மாதிரி இருந்தது என்றேன். அன்றைய கடைசிப் பொய் அது. மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட்டு, இன்று காலை அதே நூலில் ஒரு தொப்பி ஆரம்பித்துவிட்டாள், அதே ஆறு வயசுப் படத்துத் தலைக்கு.

இங்கே நிறுத்தியிருந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட மனசு கேட்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். குட்டை என்று சொன்னேன், நான் உன் பெயரில் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தொப்பியை ஊசியிலிருந்து உருவிப் பிரித்துவிட்டு, "எத்தனை விரல் குட்டை? உன் கையில காட்டு" என்றாள். காட்டினேன். அதற்கப்புறம்தான் அழுதாள். அழுது முடித்து, "ரோரிக்கு எழுது, ஆனா அதிகாரம் பண்ணி எழுதாத. போன தடவை நீ அதிகாரம் பண்ணினதுதான் இது" என்றாள். நான் உனக்குச் சொன்னது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது.

ஆகையால் அதிகாரம் பண்ணவில்லை. குழந்தை மறந்துவிடும் என்று உன்னிடம் சொன்னேன், மறக்கவில்லை. நான் சொன்னது தப்பு. நீ அங்கே நன்றாகச் சம்பாதிக்கிறாய், பேச்சில்லாமல் இருக்கிறாய், போன் பண்ணினால் வானிலை மட்டும் பேசுகிறாய், இதெல்லாம் எதனால் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் பெயரில் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நாலு வருஷத்துக்கு முன் உன் வாழ்க்கையில் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு உரிமை இருக்கவில்லை. இரண்டுக்கும் என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. முடியாவிட்டால் என்னிடம் பேசாதே, அதையும் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு எழுது. நாலு வரி போதும். ஏன் வரவில்லை என்றெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதவேண்டியதில்லை. பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேள். எழுதமாட்டாய் என்றால் அதையாவது எனக்கு உடனே சொல்லிவிடு, நான் ரெட்னோவுக்குப் போன் பண்ணி, அனுப்பியது நீ இல்லை, கிழவன் பொய் சொன்னான் என்று குழந்தையிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் அந்த கேட்டில் நிற்க வைப்பதற்கு அது மேல். உள்ளே காத்திருந்தபோது ரெட்னோ எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டையே பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், காதை மூடித் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள். சிங்கப்பூரில் இறங்கியதும் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டெஸ் பாஸ்கோ

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. ஸ்வெட்டர் கடுகு மஞ்சள், நீ எடுத்த நிறம். அவளுக்கு எழுதும்போது மாற்றிச் சொல்லிவிடாதே.